பெரியப்பா விரலைத் தூக்கினார், நாங்கள் ஊதினோம்

மகனே,

"ஏனம்மா இப்படிச் செய்தீங்கள்?" என்று தேனிலவுக்குப் போன இடத்திலிருந்து நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. நான் பெரியப்பாவிடம் போய் மன்னிப்புக் கேட்கும்வரை நீயும் டிலானியும் என் வீட்டில் கை நனைக்கப்போவதில்லை என்று அதற்குக் கீழே எழுதியிருந்தாய். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய். கோபம் வந்தால் உனக்கு ஆங்கிலம், எனக்குத் தமிழ். ஆகவே பதிலைத் தமிழில், அதுவும் நாலு பேர் வாசிக்கும் பத்திரிகையில் எழுதுகிறேன். நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து உதைபந்தாட்டத்துக்குக் களவாக ஓடிய பிள்ளை. உன் மனைவி கடைசி வகுப்புவரை இருந்து பரிசு வாங்கிய பிள்ளை. அவள் வாசித்துச் சொல்லட்டும். டிலானி, அவனுக்குப் பக்கத்தில் இருந்து உரக்க வாசியம்மா. நடுவில் எழும்பப் பார்த்தால் தின்ன ஏதாவது கையில் கொடு. சின்ன வயதிலிருந்தே அவனை இருத்திவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். என் ஒரே மகனின் கலியாண வரவேற்பில் அவனுடைய பெரியப்பா, அதாவது இறந்துபோன என் கணவரின் அண்ணர், மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். அப்போது நான் காவி நிறப் பாவாடை கட்டி, தோளில் பாக்பைப் என்ற பை வைத்த ஊதுகுழலைப் போட்டுக்கொண்டு, எங்கள் பங்குக் கோயிலின் ஐரிஷ் வாத்தியக் குழுவோடு மண்டபத்துக்குள் நுழைந்து, அவருடைய பேச்சை மண் போட்டு மூடுவதுபோல மூடினேன். அவருடைய வாய் அசைந்தது, ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. இதற்காக நான் வருந்துகிறேனா? வருந்துகிறேன். வீடியோக்காரர் அந்த நேரத்தில் அவருடைய முகத்தை எடுக்காமல் என்னை எடுத்துவிட்டார். அந்த முகத்தை நான் இனி நினைவிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

உன் அப்பா அந்தக் குழுவில் சேர்ந்த கதையை நீ அரைகுறையாகத்தான் அறிவாய். சுவிஸை விட்டு நாங்கள் லண்டன் ஹவுன்ஸ்லோவுக்கு வந்த புதிதில், அப்பாவுக்கு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை, எனக்குப் பயணிகளின் பைகளைச் சோதிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் ஒருவரையொருவர் வெளிச்சத்தில் பார்த்தோம். ஒருநாள் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது டெக்லன் வந்தார். லண்டனுக்குக் கீழே சுரங்கம் தோண்டி ஓய்வுபெற்ற மனிதர், ஐரிஷ் குழுவின் தலைவர். அவருடைய பெருமேளக்காரருக்கு முழங்கால் போய்விட்டது. டெக்லன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தார். அந்த மேளம் தாங்குவதற்கு அப்படி ஒரு வயிறு வேண்டுமாம். இந்த நாட்டில் உன் அப்பாவை நேர்முகத் தேர்வு இல்லாமல் வேலைக்கு எடுத்த ஒரே ஆள் அவர்தான்.

உன் அப்பா எந்தக் கலியாணத்துக்கும் நேரத்துக்குப் போனதில்லை, எந்த ரயிலையும் ஓடாமல் பிடித்ததில்லை. ஆனால் அந்த மேளத்தைக் கட்டிவிட்டால் மணிக்கூடு தோற்கும். பைப் ஊதுபவர்களுக்குத் தாங்கள் ஊதுவதே சரியாகக் கேட்பதில்லை. பெருமேளம் விழும் இடத்தில்தான் எல்லோரும் கால் வைக்கிறார்கள். அது பிசகினால் ஆளுக்கொரு திசையில் போவார்கள். "நான் நிண்டால் பதினைஞ்சு வெள்ளையரும் நிப்பினம்" என்று அப்பா சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த திருப்தியை நான் வேறெப்போதும் காணவில்லை, உன்னைப் பெற்றபோதுகூட. மார்ச் மாதத்தில் ஐரிஷ்காரரின் பெருநாள் ஊர்வலத்தில், மழைத்தூறலில், குழுவின் ஆண்களும் சீருடையாகக் கட்டும் காவிப் பாவாடையோடு நடு லண்டனில் நடந்துபோனார். நீ பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஒளித்து நின்றாய். உன் வகுப்புப் பிள்ளைகள் யாராவது கண்டுவிடுவார்கள் என்று. அதற்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை, நானும் இரண்டாவது வருஷம்தான் வெளியே வந்து நின்றேன். பார்க்கும் தமிழர் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "உது ஸ்கொட்லாந்துக்காரற்றை எல்லோ?" டெக்லன் அதற்கு வைத்திருக்கும் பதிலைப் பத்திரிகையில் போட ஏலாது. ஐரிஷ்காரரும் தலைமுறை தலைமுறையாகக் குழலை முன்னே விட்டுத்தான் கலியாணத்துக்கும் சண்டைக்கும் இடுகாட்டுக்கும் போனார்களாம். வெளியே நின்று ஊதுவது ஒன்று, வீட்டுக்குள் இருந்து முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிப்பது இன்னொன்று என்று அவர்களிடம் இரண்டு வகை இருக்கிறது. நமக்குத் தெரிந்தது விஸ்கிப் போத்தல் படத்தில் இருக்கிற ஸ்கொட்லாந்துக்காரர் மட்டும்தான்.

பெரியப்பாவுக்கு மட்டும் அது முதல் நாளிலிருந்தே பொறுக்கவில்லை. இல்ஃபோர்ட்டில் கடை வைத்து, தமிழர் பங்குச் சபையில் தலைவராகி, எந்த விழாவிலும் மைக்கை முதலில் பிடித்துக் கடைசியில் விடுகிற மனிதர். வீட்டுக்கு வந்தால் கதிரையில் இருக்குமுன்னமே தொடங்குவார். "எங்கடை குடும்பத்திலை மேளம் அடிச்ச ஆக்கள் ஒருத்தரும் இல்லை. நீ என்னடா வெள்ளைக்காரனுக்கு முன்னாலை வயித்திலை கட்டிக்கொண்டு திரியிறாய்?" அப்பா சிரிப்பார். "அண்ணை, வயிறு சும்மாதானே கிடக்குது" என்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. அதைக் கேட்டால் பெரியப்பாவுக்கு இன்னும் ஒரு தேத்தண்ணி குடிக்கும் தைரியம் வந்துவிடும்.

பிறகு அப்பாவின் இருதயம் ஒரு காலை வேலைக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. அதை எழுதப்போவதில்லை, உனக்குத் தெரியும். இடுகாட்டில் நடந்ததை எழுதுகிறேன், அது உனக்குத் தெரியாது. நீ அங்கே நின்றாய்தான், ஆனால் தெரியாது. ஐரிஷ் குழுவில் ஒருவர் இறந்தால் அவருக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. அவருடைய மேளத்தைக் கறுப்புத் துணியால் மூடி, பெட்டிக்குப் பக்கத்தில் அடிக்காமல் வைப்பார்கள். ஒரே ஒருவர் பைப் ஊதுவார். பெட்டி இறங்கும்போது, அவர் ஊதிக்கொண்டே திரும்பி நடக்கத் தொடங்குவார். கல்லறைகளுக்கு நடுவால் போய்க்கொண்டே இருப்பார். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இருக்கிறதா இல்லையா என்று காது சந்தேகப்படும்வரை போவார். போகிறவர் போகும் சத்தம் அது. அதைப் பாதியில் நிறுத்தக்கூடாது. டெக்லன் பாதி வழிதான் போயிருப்பார், உன் பெரியப்பா கையைத் தூக்கினார். "காணும், காணும்! நிப்பாட்டச் சொல்லுங்கோ. இது செத்தவீடோ கூத்தோ?" டெக்லனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் துக்கவீட்டில் குடும்பத்துப் பெரியவர் கையைத் தூக்கினால் மரியாதைக்காரன் நிற்பான். நின்றார். பைப்பைத் திடீரென்று நிறுத்தினால் பையில் இருக்கிற மிச்சக் காற்று வெளியே வர வேண்டும். வந்தது. வயிறு கிழிந்த மாடு கத்துவதுபோல ஒரு முனகல். என் புருஷன் மண்ணுக்குள் போனது அந்தச் சத்தத்தோடு.

அதற்குப் பிறகு பெரியப்பா பேசினார். தம்பியைச் சுவிஸுக்கு எடுத்தது தான், லண்டனுக்கு வரச் சொன்னது தான், கோயிலில் மதிப்பு வாங்கிக் கொடுத்தது தான். மழை பிடித்தது. நீ அவருக்குக் குடை பிடித்தாய். நான் நனைந்துகொண்டு நின்றேன். பெரியம்மா தன் சேலைத் தலைப்பை என் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுவும் நனைந்துதான் போனது. ஆனாலும் பிடித்தாள்.

அந்தக் கிழமை முடியுமுன் டெக்லனின் வீட்டுக் கதவைத் தட்டினேன். பைப் பழக வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். "பழிவாங்க" என்றேன், ஆங்கிலத்தில் அந்தச் சொல் எனக்குச் சரியாகத் தெரியும். அவர் யோசிக்கவே இல்லை. "நல்லது. சந்தோஷத்துக்காகப் பழக வருகிறவர்கள் கோடை வருமுன் ஓடிவிடுகிறார்கள்" என்று உள்ளே கூப்பிட்டார்.

முதலில் பை இல்லாத சின்னக் குழல் ஒன்றைத் தருவார்கள். அதை நான் குசினியில் வைத்து ஊதியபோது, சவுத்தாலில் இருந்து பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த பஞ்சாபி அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, வாத்து வளர்க்கிறீர்களா, முட்டை விற்பீர்களா என்று கேட்டாள். பிறகு உண்மையான பை. அதைப் பற்றி என்னவென்று சொல்ல? நம் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் ஒத்து ஊதிக்கொண்டு இருப்பார் அல்லவா, அப்படி மூன்று பேரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, வாயால் அவர்களுக்குச் சாப்பாடு ஊட்டி, கக்கத்தால் அவர்களை நெரித்து, விரல்களால் நாலாவது ஆளைப் பாடவைக்க வேண்டும். எனக்கு மூச்சு முட்டி, கண்ணில் பூச்சி பறந்து, ஒருநாள் சோபாவில் விழுந்து கிடந்தேன். நல்லவேளையாக நம் வீடு விமானம் இறங்கும் பாதைக்கு நேர் கீழே இருக்கிறது. இத்தனை வருஷமும் நான் திட்டித் தீர்த்த விமானங்கள் அப்போதுதான் உதவின. ஒவ்வொன்றும் கூரைக்கு மேலால் உறுமிக்கொண்டு போகும்போது என் பிழையான சுரங்களை எல்லாம் அதற்குக் கீழே கொட்டிவிடுவேன். கவுன்சிலுக்கு ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை.

இந்த வாத்தியத்தில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. அதை மெல்ல வாசிக்க ஏலாது. நீ எத்தனை பணிவான ஆளாக இருந்தாலும், அது ஒரே சத்தத்தில்தான் பேசும். நடுவில் மௌனமும் கிடையாது, தொடங்கினால் முடியும்வரை காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வாழ்க்கை முழுவதும் உன் பெரியப்பாவிடம் "சரி அத்தான்", "ஓம் அத்தான்" என்று மெல்லக் கதைத்த பெண்ணுக்கு இதைவிட நல்ல மருந்து எந்த டொக்டரும் தரமாட்டார். உனக்கு இதிலிருந்து ஒரு புத்தி சொல்கிறேன். டிலானி ஒருநாள் மெல்லக் கதைப்பதை விட்டுவிட்டால், அவளுக்கு என்ன பேய் பிடித்தது என்று கேட்காதே. அதுவரை நீ எதைக் கேட்காமல் விட்டாய் என்று யோசி. டிலானி, இந்த இடத்தை இரண்டு தரம் வாசி.

அடுத்தது உன் கலியாணம். பெரியப்பாதான் பேசிச் செய்த சம்பந்தம், நல்ல சம்பந்தம், அதை நான் மறுக்கவில்லை. திருடனுக்கும் சிலவேளை நல்ல பொருள் அகப்படும். கலியாணத்துக்கு முந்தின கிழமை நீ ஷிப்ட் இடைவேளையில் எனக்குப் போன் எடுத்தாய். "அம்மா, சேர்ச்சுக்குள்ளை பெரியப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போறாராம். நீங்கள் செகண்ட் ரோவிலை இருங்கோ, உங்களுக்கும் களைப்பு. பைப் ஒண்டும் வேண்டாம், ப்ளீஸ். சீன் போடாதீங்கோ." எனக்குக் களைப்பு என்று உனக்கு யார் சொன்னது? புருஷன் இல்லாதவள் முன்னால் வந்தால் சனம் கதைக்கும் என்று பெரியப்பா சொன்னதைத்தான் நீ எனக்கு நோகாத மாதிரி மாற்றிச் சொன்னாய். மாற்றிச் சொன்னதுதான் நொந்தது. ஐரிஷ் கலியாணத்தில் பைப் ஊதுபவருக்கு முன்னால் ஒருவரும் நடப்பதில்லை, பெண்ணின் தகப்பன்கூட. அந்த இடம் எனக்கு இருந்தது, உழைத்துச் சம்பாதித்த இடம். ஆனாலும் "சரி ராசா" என்றேன். கோயிலில் இரண்டாவது வரிசையில் இருந்தேன். பெரியப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு, தான்தான் மாப்பிள்ளை என்பதுபோல இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு போனார். நான் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தேன். எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தார்கள். நான் விரல்களுக்குள் சுரங்களை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தில் கேக் வெட்டும்போது குழு ஒரு பாட்டு வாசிக்கலாம் என்று பிறகு நீயே விட்டுக்கொடுத்தாய். அது போதும் எனக்கு. டெக்லன் கேட்டார், எப்போது தொடங்குவது என்று. எங்கள் ஆட்களின் வழக்கத்தை அவருக்கு விளக்கினேன். சைவக் கலியாணங்களில் தாலி கட்டும் நேரம் பெரியவர் ஒருவர் விரலைத் தூக்கி ஆட்டுவார், உடனே கெட்டிமேளம், மேளகாரர் உச்சத்தில் அடிப்பார்கள். அந்த நேரத்தில் யாராவது சொல்லும் கெட்ட சொல் பிள்ளைகளின் காதில் விழக்கூடாது என்பதற்காக. "ஆகவே, மேடையில் ஒரு பெரியவர் இப்படி விரலைத் தூக்குவார். தூக்கியவுடன் தொடங்க வேண்டும். மேலும் ஆட்டினால் மேலும் சத்தமாக" என்றேன். டெக்லனும் ஆட்களும் ஒரு புனிதச் சடங்கைக் கேட்பதுபோலக் கேட்டுத் தலையாட்டினார்கள். உன் பெரியப்பா விரலைத் தூக்காமல் ஒரு வசனம் பேசி முடித்ததை இந்த லண்டனில் யாராவது கண்டிருந்தால் வந்து சொல்லட்டும்.

நீ மேடையில் மாலையோடு இருந்தாய், உனக்குப் பின்பக்கம் தெரியாது. நாங்கள் கதவடியில் காற்றை நிரப்பிக்கொண்டு நின்றோம். பெரியப்பா தொடங்கினார். "தகப்பன் இல்லாத இந்தப் பிள்ளையைத் தகப்பனுக்குத் தகப்பனா நிண்டு வளர்த்தெடுத்தது ஆர் எண்டு கேட்டால்... நான் ஒண்டே ஒண்டு சொல்லுறன்!" விரல் மேலே போனது. சிறுமேளங்கள் உருண்டன. நான் ஊதினேன். டெக்லன் இடுகாட்டில் பாட்டை எந்த இடத்தில் நிறுத்தினாரோ, அந்த இடத்திலிருந்து ஊதினேன். ஓம் மகனே, கலியாணப் பாட்டு இல்லை. உன் அப்பாவுக்கு மிச்சம் இருந்த பாதி.

பெரியப்பா முதலில் மைக் பழுது என்று அதைத் தட்டினார். பிறகு எங்களைக் கண்டார். நிறுத்தச் சொல்லி விரலை ஆட்டினார். மேளங்கள் இன்னும் ஓங்கின. இரண்டு கையையும் சேர்த்து ஆட்டினார். டெக்லன் முகம் சிவக்க ஊதினார், அவருடைய ஆயுளில் இப்படி உற்சாகப்படுத்திய பெரியவரை அவர் கண்டதே இல்லையாம். நம் சனம் அதைவிட. சம்பந்தி அம்மா தட்டிலிருந்த பூவை அள்ளி உன்மேல் எறிந்தாள். பின்வரிசையில் ஒரு மாமா கதிரையில் ஏறி நின்று தானும் விரலை ஆட்டினார். "அடியுங்கோ, அடியுங்கோ!" சின்னப் பிள்ளைகள் ஆடின. குழுவினரின் குடும்பத்தார் இருந்த மூலை மேசையில் மட்டும் ஐரிஷ் கிழவிகள் எழும்பித் தலையைக் குனிந்து நின்றார்கள். அவர்களுக்கு அந்தப் பாட்டு என்னவென்று தெரியும். நான் மேடைக்கு முன்னால் திரும்பி, வழக்கம் எப்படியோ அப்படியே நடக்கத் தொடங்கினேன். மேசைகளுக்கு நடுவால், கதவால், குசினி வாசலால், வெளியே கார்கள் நிற்கும் இடத்துக்கு. மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். கடைசியில் நான் மட்டும், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், கடைசிச் சுரம்வரை ஊதினேன். முனகல் இல்லாமல் முடித்தேன். மூச்சு இருந்த அளவுக்கு அப்பாவோடு கதைத்தேன்.

திரும்பிப் பார்த்தால் கூறைச் சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு டிலானி நிற்கிறாள். "மாமி, இது கலியாணப் பாட்டு இல்லைத்தானே?" என்றாள். "இல்லைப் பிள்ளை. மாமாவுக்கு." என் நெற்றி வியர்வையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு உள்ளே ஓடினாள். டிலானி, நீ இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லைப் போலிருக்கிறது. பரவாயில்லை, இப்போது உன் வாயாலேயே வாசித்துவிட்டாய்.

இனி மன்னிப்பு. மகனே, நான் போனேன். நீ சாப்பிட வரமாட்டாய் என்று எழுதியது என்னைக் குத்தியது, அதை மறைக்க மாட்டேன். ஒரு பெட்டி பலகாரமும் வாங்கிக்கொண்டு எலிசபெத் லைன் ரயிலில் இல்ஃபோர்ட்டுக்குப் போகும்வழி முழுவதும் "சொறி அத்தான், சொறி அத்தான்" என்று வாய்க்குள் சொல்லிப் பழகினேன். பைப்பில் கடினமான இடங்களைக்கூட நான் அப்படிப் பழகியதில்லை. பெரியப்பா நீதவான் மாதிரி சோபாவின் நடுவில் இருந்தார். பெரியம்மா வழக்கம்போலக் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். அந்த வீட்டில் அவள் கதிரையில் இருந்து கதைத்ததை நான் கண்டதில்லை.

"நீர் என்ன செய்தனீர் எண்டு உமக்கு விளங்குதோ?" என்றார். "சபைக்கு முன்னாலை என்ரை மானத்தை வாங்கிப்போட்டீர்."

"ஓம் அத்தான். நான் கேக்கிறன் மன்னிப்பு. நீங்களும் ஒண்டு கேக்கவேணும்."

"நானோ? எதுக்கு?"

"உங்கடை தம்பியின்ரை செத்தவீட்டிலை பைப்பைப் பாதியிலை நிப்பாட்டினதுக்கு."

அவர் என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார், யன்னலைப் பார்த்தார். நடிக்கவில்லை மகனே, எனக்கு அவருடைய நடிப்பு நன்றாகத் தெரியும். "எந்தப் பைப்?" என்றார். "நான் ஒண்டையும் நிப்பாட்டேல்லையே. மழை பெய்தது, நான் கதைச்சனான், அது ஞாபகம்."

அந்த நேரம் எனக்கு ஏற்பட்டதை எப்படி எழுதுவேன்? வருஷக்கணக்காக மூச்சைப் பிடித்து, உதடு வெடித்து, ஒரு மனிதனுக்காக நான் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவனோ வெட்டியதையே மறந்துவிட்டுத் தேத்தண்ணியில் சீனி குறைவு என்கிறான். அப்போது கதவடியிலிருந்து குரல் வந்தது.

"நீங்கள்தான் நிப்பாட்டினது."

பெரியப்பா திரும்பினார். "நீ உள்ளை போ."

"போகேல்லை. காரிலை போகேக்கை என்னட்டைச் சொன்னனீங்கள். பெட்டிக்குப் பக்கத்திலை மேளத்தையும் குழலையும் கண்டால் சம்பந்தம் பேச வாற சனம் நாங்கள் என்ன சாதி எண்டு கேக்கும், அதை நான் இண்டைக்கு நிப்பாட்டுறன் எண்டு. உங்கடை தம்பி பெட்டிக்குள்ளை கிடக்கேக்கை சொன்னனீங்கள். எனக்கு ஞாபகம் இருக்கு." பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு, இத்தனை காலத்தில் முதல் தடவையாக அவள் வந்து அந்த வீட்டுக் கதிரையில் இருந்தாள். அவருக்கு நேர் முன்னால். என்னைப் பார்த்துக் கேட்டாள். "எனக்கு ஆஸ்மா, ஊத ஏலாது. அடிக்கப் பழகலாமோ?"

"அடிக்கலாம் அக்கா."

பெரியம்மா பெரியப்பாவை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். "அப்ப எனக்கு அடிக்கப் பழக்கும்" என்றாள்.

பெரியப்பா விரலைத் தூக்கினார். ஒருவரும் பேச்சை நிறுத்தவில்லை. என்ன சைஸ் மேளம், எந்தக் கிழமை வரலாம், அந்தக் காவிப் பாவாடை தனக்கு இடுப்பில் நிற்குமோ என்றெல்லாம் நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தோம்.

முதற் பாடத்துக்கு வந்தவளுக்கு, சத்தம் வராத றப்பர் தட்டைத்தான் டெக்லன் கொடுத்தார், பழகுகிறவர்கள் வீட்டில் அதில்தான் அடிப்பார்கள். அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். தன் வீட்டில் போதுமான அளவு சத்தம் வராமல் இருந்தாகிவிட்டதாம், உண்மையான மேளத்தைத் தரச் சொன்னாள். டெக்லன் அவளை ஏன் பழக வந்தாய் என்று கேட்கவே இல்லை. இப்போது அது இல்ஃபோர்ட்டில், பெரியப்பா பத்திரிகை வாசிக்கும் அறையில், அவருடைய சோபாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள் காலையிலும் அடிக்கிறாள், சமைத்து முடித்தும் அடிக்கிறாள். இன்னும் தாளம் வரவில்லை. அவசரமும் இல்லை என்கிறாள். நான் ஒரு பேச்சைத்தான் மூடினேன். அவள் ஒரு வீட்டையே மூடுகிறாள். அவளோடு ஒப்பிட்டால் நான் வெறும் கைக்குழந்தை.

ஆகவே மகனே, மன்னிப்பு நான் கேட்கவில்லை, இனிக் கேட்கவும் மாட்டேன். பெரியப்பா உனக்குப் போன் எடுப்பார். எடுத்திருக்காவிட்டால் இன்று எடுப்பார், அவருக்கு முறையிட வேறு ஆள் இல்லை. அவருடைய குரலுக்குப் பின்னால் டொம் டொம் என்று கேட்கும். "உன்ரை பெரியம்மாவை நிப்பாட்டச் சொல்லு, நீ சொன்னால் கேப்பாள்" என்பார். நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது, அதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. பதில் சரியாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் வாருங்கள், கணவாய்க்கறி வைப்பேன். பிழையாக இருந்தால் டிலானியை மட்டும் அனுப்பு.

உன் அம்மா